கதவு தட்டும் இரவு

2002ஆம் ஆண்டு ஒக்டோபர் 31. ரொறொன்ரோவின் ஸ்கார்பரோ பகுதியில் என் தங்கையின் வீடு. மாங்குளத்தில் பிறந்த அவளது பிள்ளைகள் இருவரும் கனடா வந்து இரண்டு மாதங்கூட ஆகியிருக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னரே அவர்களால் வவுனியாவைக் கடந்து கொழும்பு வர முடிந்தது.

இருட்டிச் சற்று நேரத்தில் அழைப்பு மணி ஒலித்தது. பத்து வயது மருமகன் ஓடிப்போய் விளக்கை அணைத்தான்.

"திறக்காதேங்கோ மாமா" என்றான்.

வாசலில் நின்றவர்கள் எலும்புக்கூடு உடையணிந்த மூன்று சிறுவர்கள். கைகளில் இனிப்புச் சேகரிக்கும் பைகள்.

மாங்குளத்தை அறிந்தவர்களுக்கு அவனது அச்சம் விளங்கும். கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் சந்தி அது. 1990 நவம்பரில் அங்கிருந்த இராணுவ முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. 1998 செப்டெம்பர் இறுதியில் இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. 1999 நவம்பரில் மீண்டும் புலிகள். ஒன்பது ஆண்டுகளில் மூன்று முறை கைமாறிய ஊர். 1997இல் ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கிய பின், தங்கை குடும்பம் மல்லாவிப் பக்கமாகப் பெயர்ந்தது. இரவில் கதவு தட்டப்பட்டால் மூட்டையைக் கட்ட வேண்டும் என்பதே அப்பிள்ளைகள் கற்ற முதற்பாடம்.

ஒக்டோபர் இறுதிக்கு எமது வரலாற்றில் வேறு நினைவுகளும் உண்டு. 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் பிள்ளைகளையும் பொதிகளையும் சுமந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். பலர் பின்னர் வன்னிக்கு வந்தனர். அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முதலாவதை நினைவுகூரும் நாம் இரண்டாவதை மறப்பது நேர்மையாகாது.

ஹலோவீனும் ஒருவகையில் இடம்பெயர்ந்தோரின் பண்டிகைதான். கோடை முடிந்து குளிர் தொடங்கும் நாளில், இறந்தோரின் ஆவிகள் உலவும் என்று பழைய கெல்டிய மக்கள் நம்பினர். ஒன்பதாம் நூற்றாண்டளவில் நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாளாக நிலைபெற்றது. அதன் முன்னிரவே ஹலோவீன். நவம்பர் 2இல் எமது கத்தோலிக்கர் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவதும் இதன் தொடர்ச்சியே. அந்நாளில் பிரித்தானியாவின் ஏழைகள் வீடு வீடாகச் சென்று, இறந்தோருக்காகச் செபிப்பதாகக் கூறிச் சிறு அப்பங்கள் பெறும் வழக்கமும் இருந்தது.

இவ்வழக்கங்களை வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்கொட்லாந்து, அயர்லாந்துக் குடியேறிகள். உருளைக்கிழங்குப் பஞ்சத்தினால் 1847இல் மட்டும் ரொறொன்ரோவில் வந்திறங்கிய அயர்லாந்தியர் 38,000க்கு மேல். அன்று அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 20,000. டைபஸ் காய்ச்சலில் 1,100க்கும் அதிகமானோர் அங்கேயே மாண்டனர். ஊரில் அவர்கள் கிழங்கில் முகம் செதுக்கி விளக்கு வைத்தவர்கள். புதிய நாட்டில் பூசணி கிடைத்தது.

அன்றிரவு மருமகனை அயல்வீட்டு வாசலுக்கு அழைத்துச் சென்றேன். பல் இளித்த பூசணியை நெடுநேரம் பார்த்தான்.

"எங்கட வெருளி மாதிரி" என்றான். வயலிலும் கட்டி முடியாத வீட்டிலும் நாம் நிறுத்தும் வெருளியை அவன் மறந்திருக்கவில்லை. பிறகு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டு மணியைத் தானே அழுத்தினான்.

திரும்பி வந்ததும் பையைக் கவிழ்த்து, சொக்கலேற்றுகளை எண்ணி, நிவாரணச் சாமானைப் போல நாட்கணக்கில் பிரித்து வைத்தான். ஒன்றையேனும் அன்றிரவு உண்ணவில்லை.

இன்று அவனுக்கு முப்பது வயது கடந்துவிட்டது. ஒவ்வோர் ஒக்டோபரிலும் தன் மகளுக்காகப் பூசணி செதுக்குகிறான். 2015இன் பின் சிரியாவிலிருந்தும், 2022இன் பின் உக்ரேனிலிருந்தும் வந்த பிள்ளைகள் பலரும் அந்நாட்டில் இதே இரவை முதன்முறையாகக் கண்டிருக்கிறார்கள். உங்கள் வாசலில் ஒரு குழந்தை மணியை அழுத்தத் தயங்கி நின்றால், நீங்களே முந்திக் கதவைத் திறந்துவிடுங்கள். அது எங்கிருந்து, எந்த இரவைக் கடந்து வந்ததோ, யாரறிவார்?