குறுக்கெழுத்தும் துணைநூலும்: புனே நகரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

நாளிதழ்களில் நாள்தோறும் இடம்பெறும் குறுக்கெழுத்துப் புதிர் பொழுதுபோக்காகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், அதனை விடுவிக்க முயல்வோர் நாடும் உதவிகளைத் தொகுத்து நோக்கின், அகராதியியல், எழுத்திலக்கணம், சட்டம் ஆகிய துறைகளின் வரலாறு அதனுள் பின்னிக் கிடப்பதைக் காணலாம். கட்டங்களை நிரப்பப் பிறர் உதவியையோ நூலின் உதவியையோ பெறுதல் முறையாகுமா என்னும் வினா, புதிர் தோன்றிய காலம் முதலே எழுந்து வந்துள்ளது. அவ்வினாவிற்கான விடையை மராட்டிய மாநிலத்துப் புனே நகரையும் தமிழ் மரபையும் இணைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தோற்றமும் முதல் துணைநூல்களும்

ஆர்தர் வின் என்பார் அமைத்த புதிர் 1913 திசம்பர் 21 அன்று 'நியூயார்க் வோர்ல்டு' இதழில் வெளிவந்தது. இதுவே இன்றைய குறுக்கெழுத்தின் முன்னோடி என்பர். 1924இல் முதல் புதிர்த்தொகுப்பு நூல் வடிவம் பெற்றபின், அமெரிக்காவில் இவ்வார்வம் பெருகியது. நூலகங்களில் அகராதிகளுக்கு நெருக்கடி ஏற்பட்டது. இருப்புப்பாதைக் குழுமம் ஒன்று தன் தொடர்வண்டிகளிலும் அகராதிகளை வைத்தது. புதிர் தோன்றிப் பத்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்திலேயே அகராதி அதன் இன்றியமையாத துணையாயிற்று என்பதை இது காட்டும்.

இங்கிலாந்தில் 'டெய்லி டெலிகிராப்' 1925லும் 'தி டைம்ஸ்' 1930லும் நாள்தோறும் புதிர் வெளியிடத் தொடங்கின. சொல்லின் பொருளை நேராகக் கூறாது, சொல்லாட்சியால் மறைத்துக் கூறும் குறிப்புமுறை அங்கே வளர்ந்தது. 'டார்க்கெமடா' என்ற புனைபெயரில் எழுதிய எட்வர்டு போவிஸ் மாதர்ஸ் இம்முறைக்கு முன்னோடி. அவருக்குப் பின்வந்த 'சிமெனிஸ்', அதாவது டி. எஸ். மெக்நட், 1966இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒழுங்கு வகுத்தார். குறிப்பில் விடையின் பொருள் இடம்பெறுதல் வேண்டும். சொல்லை அமைக்கும் வழியும் இடம்பெறுதல் வேண்டும். இவையன்றி வேறொன்றும் இருத்தல் கூடாது என்பது அவ்வொழுங்கின் சாரம். இதன்படி, குறிப்பே விடுவிப்போனுக்கு முதல் உதவியாகிறது.

3. தமிழ் மரபில் இணையான கூறுகள்

மறைத்துக் கூறி உணரவைக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் யாப்பின் வகை ஏழனுள் பிசியையும் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. பிற்காலத்துத் தண்டியலங்காரம் சித்திரகவி வகைகளைத் தொகுத்துரைக்கின்றது. அவற்றுள் எழுத்துவருத்தனம் என்பது ஒரு சொல்லில் எழுத்தைக் கூட்டி வேறு சொல் ஆக்குவது. மாத்திரைச்சுருக்கம் என்பது நெடிலைக் குறிலாக்கி வேறு பொருள் பெறுவது. கரந்துறைச்செய்யுள் என்பது ஒரு செய்யுளின் எழுத்துக்களுள் மற்றொன்று மறைந்து நிற்பது. ஆங்கிலப் புதிரமைப்போர் இருபதாம் நூற்றாண்டில் கையாண்ட உத்திகள் பலவற்றிற்கு இவை பெரிதும் ஒப்பானவை. எடுத்துக்காட்டாக, 'கலத்துள் மகரம் புகத் தாமரை' என்று ஒரு குறிப்பு அமையின், 'கலம்' என்பதனுள் 'ம' சேர்ந்து 'கமலம்' என விடை கிடைக்கும். 'காலை சுருங்கின் கல்வியாம்' எனின் விடை 'கலை' ஆகும்.

நிகண்டுகளும் இங்குக் கருதத்தக்கவை. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினொன்றாம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. அது எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தின் வரிசையில் அமைந்துள்ளது. மனப்பாடத்திற்காக வகுக்கப்பட்ட இவ்வமைப்பு, சொல்லின் இரண்டாம் எழுத்தை மட்டும் அறிந்து திகைக்கும் இக்காலப் புதிர்வாசகனுக்கும் ஏற்றதாய் இருத்தல் வியப்பிற்குரியது.

4. எழுத்திலக்கணம் தரும் உதவி

ஒரு சொல்லைக் கண்டறிந்தபின் அதனைக் குறுக்கிடும் சொல்லுக்கு ஓர் எழுத்து கிடைக்கிறது. ஆங்கிலத்தில் அவ்வெழுத்து 26இல் ஒன்று. தமிழில் 247இல் ஒன்று. எனவே தமிழில் ஒரு கட்டம் தரும் செய்தி மிகுதி. அதே காரணத்தால் புதிரை அமைப்பது கடினம்.

மொழிமரபு விதிகள் இவ்வுதவியை மேலும் பெருக்குகின்றன. உயிரெழுத்து, அளபெடை நீங்கலாக, தமிழ்ச் சொல்லின் முதலிலேயே தனித்து நிற்கும். ஆகவே ஒரு கட்டத்தில் 'அ' அமைந்தால், இடமிருந்து வலமும் மேலிருந்து கீழும் சொற்கள் அங்கேயே தொடங்கல் வேண்டும். மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது. ஆதலின் புள்ளி பெற்ற கட்டத்திலிருந்து எச்சொல்லும் தொடங்காது. க, ச, த, ப என்னும் மெய்கள் தம்மொடு தாமே மயங்கும் என்பது இலக்கண விதி. எனவே 'க்' கிடைத்தபின், அடுத்த கட்டத்தில் ககர வரிசையின் 12 எழுத்துக்களுள் ஒன்றே வர இயலும். பிறமொழிச் சொற்கள் புகுங்கால் இவ்விதிகள் நெகிழும்.

மராத்தியில் நிலைமை வேறு. அங்குப் புதிர் 'சப்தகோடே' எனப்படும். கூட்டெழுத்து ஒரே கட்டத்தில் அடங்குமாதலின், அச்சொல்லே நான்கு கட்டங்களில் முடியும். தமிழில் 'சொற்கள்' எழுத, 'ற்', 'ள்' ஆகியவை தனித்தனிக் கட்டம் பெறும். மேலும், மராத்தியில் தாயைக் குறிக்கும் 'ஆஈ' போன்ற சொற்களில் உயிர் இடையிலும் ஈற்றிலும் நிற்கும். பல தலைமுறையாகப் புனேயில் வாழும் தமிழர் இவ்விரு மொழிப் புதிர்களையும் ஒருங்கே கற்கும் வாய்ப்புடையோர் ஆவர்.

5. அகராதி நகரம்

புனே நகரின் சிறப்பு அதன் கோசப்பணியில் உள்ளது. பெர்குசன் கல்லூரியின் வாமன் சிவராம் ஆப்தே தம் சமற்கிருத-ஆங்கில அகராதியை 1890இல் வெளியிட்டார். தாத்தே, கர்வே ஆகியோர் பதிப்பித்த 'மகாராஷ்டிர சப்தகோசம்' 1932 முதல் 1938 வரை ஏழு தொகுதிகளாகப் புனேயிலிருந்து வெளிவந்தது. தக்காணக் கல்லூரியில் எஸ். எம். காத்ரே தலைமையில் வரலாற்று நெறியிலான சமற்கிருதப் பேரகராதிப் பணி 1948இல் தொடங்கிற்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்ததும் ஏறத்தாழ இக்காலமே. நாளிதழ் 'சகாள்' புனேயில் தோன்றியது 1932இல். நாளிதழும் பேரகராதியும் ஒரே ஆண்டில் ஒரு நகரில் தோன்றியமை தற்செயலே எனினும், பொதுமக்கள் அன்றாடம் சொற்பொருள் தேடும் பழக்கத்திற்கு இரண்டும் துணைநின்றன எனலாம்.

6. உதவிக்கு எல்லை: 1957ஆம் ஆண்டுத் தீர்ப்புகள்

புதிர் பணப்பரிசோடு இணைந்தபோது சிக்கல் எழுந்தது. தமிழகத்தில் 1930களில் 'ஆனந்த விகடன்' பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தியது. நாட்டின் பிற பகுதிகளிலும் இத்தகைய போட்டிகள் பெருகின. இவற்றுள் பலவற்றில் ஒரு குறிப்பிற்குப் பொருந்தும் சொற்கள் இரண்டு மூன்று இருக்கும். அவற்றுள் எது சரி என்பது, நடத்துவோர் முன்னரே முடிவுசெய்து வைத்த விடையோடு ஒத்துப்போவதைப் பொறுத்தது.

பெங்களூரிலிருந்து நடத்தப்பட்ட ஆர்.எம்.டி.சி. போட்டி, புனேயை உள்ளடக்கிய அன்றைய பம்பாய் மாநிலத்திலும் பரவியிருந்தது. அதன்மீது மாநிலம் விதித்த வரி வழக்கிற்கு உள்ளாயிற்று. இதற்கிடையே பம்பாய், சென்னை முதலிய மாநிலங்களின் தீர்மானங்களின்படி, நாடாளுமன்றம் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. அது மாதப்பரிசை 1000 ரூபாய்க்கும், விண்ணப்பங்களை 2000க்கும் மேற்படாமல் வரையறுத்தது.

1957 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றம் இரு வழக்குகளிலும் தீர்ப்பளித்தது. பம்பாய் வழக்கில் தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் அப்போட்டி சூதின் இயல்பினது என்றார். மைய அரசின் சட்டம் பற்றிய வழக்கில் தீர்ப்பு எழுதியவர் டி. எல். வெங்கடராம ஐயர். இவர் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளில் ஆழ்ந்த புலமை பெற்ற தமிழர். அச்சட்டம் சூதுத்தன்மையுள்ள போட்டிகளையே கட்டுப்படுத்தும். பெரும்பான்மையும் திறனைச் சார்ந்த போட்டிகளைத் தாக்காது என்று அவர் விளக்கினார்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவது ஒன்றுண்டு. அகராதியும் இலக்கணமும் அறிந்தோர் துணையும் எங்கே பயன்தருகின்றனவோ, அங்கே விடை மொழிக்குள் இருக்கிறது. அது அறிவால் எட்டத்தக்கது. விடை நடத்துவோரின் கையில் மட்டும் இருக்குமாயின் எந்த நூலும் உதவாது. நீதிமன்றம் திறன், வாய்ப்பு எனப் பிரித்ததை வாசகர் நோக்கில் இவ்வாறு கூறலாம். ஆகவே உதவி நாடுதல் புதிருக்கு இழுக்கன்று; புதிர் நேர்மையானது என்பதற்கு அதுவே சான்று. தமிழ் நாளிதழ்ப் புதிர்கள் பெரும்பாலும் நேர்ப்பொருட் குறிப்புகளோடு நின்றுவிடுகின்றன. சித்திரகவி உத்திகளையும் நிகண்டுகளையும் பயன்கொள்ளும் புதிர்கள் பெருகுமாயின், அவற்றை விடுவிக்க உதவி தேடும் மாணவர் தாமாகவே இலக்கண நூல்களிடம் வந்து சேர்வர். இது தனி ஆய்விற்குரிய களமாகும்.