மோலி டிரேக்கும் எங்க ஆயாவும்

எனக்குச் சொந்த ஊர் கோரமண்டல் என்று சொன்னால், இங்கே பர்மிங்காமில் இருக்கும் நம்ம ஆட்கள் "ஓ, அந்த எக்ஸ்பிரஸ் வண்டியா?" என்பார்கள். இல்லை சாமி. கோலார் தங்கவயலில், பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் கிளைப் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். சுற்றிலும் லைன் வீடுகள். கடல் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். வெள்ளைக்காரன் சுரங்கத்துக்கு வைத்த பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி, இந்தப் பதிவு என் ஊரைப் பற்றியது அல்ல. போன மாதம் ஒரு சனிக்கிழமை, பர்மிங்காமிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டு போகும் வண்டியில் டேன்சி என்ற ஸ்டேஷனில் இறங்கினேன். கோரமண்டல் ஸ்டேஷனே இதைவிடப் பரபரப்பாக இருக்கும். அங்கிருந்து வயல்களுக்கு நடுவே நடந்தால் டான்வர்த் இன் ஆர்டன் என்ற கிராமம். மாதா கோவில் தோட்டத்தில் ஓக் மரத்தடியில் ஒரு சின்னக் கல்லறை. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து பார்ப்பது நிக் டிரேக் என்ற பாடகனுக்காக. நான் போனது அவனுடைய அம்மாவுக்காக.

நிக் டிரேக்கைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1969-க்கும் 1972-க்கும் இடையில் ஐலண்டு கம்பெனிக்கு மூன்று இசைத்தட்டுகள் கொடுத்தான். எதுவும் விற்கவில்லை. 1974 நவம்பரில், 26 வயதில், மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரைகளை அளவுக்கு மேல் விழுங்கி வீட்டிலேயே இறந்துபோனான். 1999-இல் ஒரு கார் விளம்பரத்தில் அவன் பாட்டு வந்த பிறகு, உயிரோடு இருந்தபோது விற்றதைவிடப் பல மடங்கு விற்றது.

அவனுக்காவது கம்பெனி ஒப்பந்தம் இருந்தது. அம்மாவுக்கு அதுவும் கிடையாது.

மோலி 1915-இல் ரங்கூனில் பிறந்தவர். அப்பா ஐ.சி.எஸ். அதிகாரி. அந்தக் கால வழக்கப்படி படிப்புக்கு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, மறுபடி பர்மா திரும்பினார். பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில் இன்ஜினியராக இருந்த ராட்னி டிரேக்கைக் காதலித்தார். பெண்ணுக்கு 21 வயது ஆகட்டும் என்று வீட்டில் நிறுத்திவைத்ததால் ஒரு வருடம் காத்திருந்து கல்யாணம் செய்துகொண்டார்கள்.

அந்த ரங்கூன் எப்படிப்பட்ட ஊர் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். 1931 கணக்கெடுப்பில் ஊரில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான். தமிழர்கள், தெலுங்கர்கள், வங்காளிகள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் அவர்களே, வட்டிக்குக் கொடுத்தவர்களும் அவர்களே. 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. அதற்கு முன்னும் பின்னுமாக லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். வழியில் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குக் கப்பலிலும் விமானத்திலும் முதலில் இடம் கிடைத்தது. இதைச் சொல்லாமல் மோலியின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதைதான்.

மோலி டெல்லிக்கு வந்து சேர்ந்தார். சகோதரி நான்சியோடு சேர்ந்து 'லாயிட் சகோதரிகள்' என்ற பெயரில் அகில இந்திய வானொலியில் பாடினார். இவர் பியானோவும் வாசிப்பார். அதே வானொலியில் ஆர்மோனியத்துக்கு 1940 முதல் தடை இருந்தது, 1971 வரை நீடித்தது! நம்ம நாடகக்காரர்களின் பெட்டிக்கு இடமில்லாத வானொலியில் லாயிட் சகோதரிகளுக்கு இடம் இருந்தது. என்ன சொல்ல :-)

பொதுமக்கள் முன்னால் மோலிக்கு இருந்த 'தொழில் வாழ்க்கை' அந்த டெல்லி நாட்கள்தான். 1944-இல் லாகூரில் மகள் கேப்ரியல் பிறந்தார் (பிற்பாடு நடிகையானவர்). போர் முடிந்து மறுபடி ரங்கூன், 1948-இல் நிக். ஐம்பதுகளின் தொடக்கத்தில் குடும்பம் இங்கிலாந்துக்கு வந்து, டான்வர்த்தில் 'ஃபார் லேஸ்' என்ற வீட்டில் குடியேறியது. கூடவே பர்மாவிலிருந்து கரேன் இனத்தைச் சேர்ந்த ஒரு ஆயாவும் வந்தார். (எங்க பக்கம் ஆயா என்றால் பாட்டி. இங்கே நான் சொல்வது பிள்ளை வளர்க்க வைத்த ஆயாவை.)

வீட்டு வேலை ஓய்ந்த நேரத்தில் மோலி பியானோ முன் உட்கார்ந்து தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடினார். கேட்டவர்கள் வீட்டார், சில நண்பர்கள். எந்தக் கம்பெனிக்கும் அனுப்பவில்லை. இன்ஜினியர் கணவர் ஐம்பதுகளில் ஒரு ரீல் டேப் ரிக்கார்டரை வைத்து அவற்றைப் பதிவு செய்தார். அவர் மட்டும் அந்த இயந்திரத்தை வாங்காமல் இருந்திருந்தால் இந்தப் பதிவே கிடையாது.

மோலி 1993-இல் இறந்தார். 2007-இல் நிக்கின் வீட்டுப் பதிவுகளைத் தொகுத்தபோது அம்மாவின் பாட்டு இரண்டைச் சேர்த்தார்கள். பிறகு தனி ஆல்பமே வந்தது. 2013-இல் அது பரவலாகக் கடைகளுக்கு வந்தபோது அவர் இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது. 2017-இல் தி அன்தேங்ஸ் என்ற வட இங்கிலாந்துக் குழு அவர் பாடல்களை வைத்து ஒரு முழு ஆல்பம் போட்டது.

கேட்டுப் பாருங்கள். சின்னச் சின்னப் பாட்டு, பல இரண்டு நிமிடம் கூட வராது. பழைய ஆங்கிலப் படங்களில் வரும் உச்சரிப்பு முதலில் சிரிப்பு மூட்டும். ஒரு பாட்டில் சேர்ந்து போன பயணத்தை இரண்டு பேர் நினைத்துப் பார்க்கிறார்கள், இருவர் மனதிலும் தங்கியிருப்பது வேறு வேறு. மூன்றாவது முறை கேட்கும்போது சிரிப்பு போய்விட்டது. மகனின் பாட்டில் இருக்கும் அந்த விநோதமான சுரக் கூட்டு அம்மாவின் பியானோவிலிருந்து வந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த அளவு ஞானம் இல்லை, ஆனால் சோகத்தை உரக்கச் சொல்லாத பழக்கம் இருவருக்கும் பொதுவானது என்பது தெரிகிறது. மகன் பிரபலமாகாமல் போயிருந்தால் யாராவது அந்த டேப்பைத் தேடியிருப்பார்களா? மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

எங்க ஆயா விஷயத்துக்கு வருகிறேன். வட ஆற்காட்டிலிருந்து தங்கவயலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். தாத்தா சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை. பாறை வெடித்து ஆள் செத்தால் (எங்க ஊரில் ஏர் பிளாஸ்ட் என்போம்) லைனில் ஒப்பாரிக்கு முதலில் கூப்பிடுவது ஆயாவைத்தான். செத்தவரின் ஷிப்ட், அவர் வைத்திருந்த சைக்கிள், கட்டாமல் விட்ட சீட்டு வரைக்கும் அந்த இடத்திலேயே பாட்டில் வரும். ஆனால் ஒரு பாட்டு மட்டும் யார் சாவுக்கும் அல்ல. ஆயாவின் அண்ணன் ரங்கூனுக்குக் கூலி வேலைக்குப் போனவர், 1942-க்குப் பிறகு தகவலே இல்லை. பிணம் இல்லாததால் ஒப்பாரியும் இல்லை. மாவு அரைக்கும்போது மட்டும் ஆயா அதைத் தனக்குள் பாடுவார்.

1987-இல் மாமா துபாயிலிருந்து ஒரு டூ-இன்-ஒன் கொண்டு வந்தார். ஆயாவை உட்கார வைத்து அந்தப் பாட்டை ஒரு கேசட்டில் பிடித்தார். எட்டு நிமிடம் போல இருக்கும். அடுத்த வருடம் எனக்குப் பன்னிரண்டு வயது, காலி கேசட் வாங்கக் காசில்லை. அதே கேசட்டில் ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டு பிடித்தேன். யாரும் திட்டவில்லை. ஆயாவும், "பாட்டு நல்லா வந்துச்சாடா?" என்றுதான் கேட்டார்.

டான்வர்த்திலிருந்து திரும்பிய அன்று இரவு அந்தக் கேசட்டைத் தேடி எடுத்தேன். கடைசி சினிமாப் பாட்டு முடிந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் நாற்பது நொடி ஆயாவின் குரல். பாட்டின் கடைசி இரண்டு அடி, ஒரு இருமல், பின்னாலே சுரங்கத்துச் சங்கு, "போதும், நிறுத்துப்பா".

மறுநாள் அம்மாவுக்குப் போன் போட்டேன். முன்பகுதியில் அண்ணன் மெட்ராஸில் கப்பல் ஏறுவதாக வரும் என்றார். சின்னம்மாவைக் கேட்டால், மெட்ராஸ் இல்லை, நாகப்பட்டினம் என்று அடித்துச் சொல்கிறார். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பாடிப் பார்க்கிறோம், வர்ற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு என்றிருக்கிறார்கள்.