வாகனக் கவனச்சிதறல்

வண்டி ஓட்டுபவரின் கண், கை, மனம் ஆகியவற்றில் ஒன்றேனும் சாலையை விட்டு விலகும் நிலை. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி 2 நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய அருமனை போன்ற ஊர்களில் இது பெரிய தொலைவு. ரப்பர் தோட்டங்களுக்கிடையே ஏறியிறங்கி வளையும் ஒடுங்கிய சாலைகளில் எதிரே வரும் பேருந்து மிக அருகில் வந்த பிறகே கண்ணில் படும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் விழா விளக்கலங்காரங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதும் கவனச்சிதறலே. வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஆசைதீரப் பார்க்கலாம்.

கண், கை, மனம் மூன்றையும் ஒருசேரப் பறிப்பதால் கைபேசியே மிகக் கொடியது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், ஓட்டும்போது அதைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலாகக் கருதுகிறது. முதல் குற்றத்துக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனம் கெடாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் 2020 அக்டோபர் 1 முதல் விலக்கு உண்டு. தலைக்கவசத்துக்குள் கைபேசியைச் செருகிப் பேசுவோரின் கைகள் கைப்பிடியில் இருக்கும். மனம் பேச்சில்தான் இருக்கும்.