சுக்குநூறான மாதிரியிலிருந்து எழுந்த தேவாலயம்



வீடு கட்டிக்கொண்டிருக்கும் பொறியாளர் பாதியில் காலமாகிவிட்டால் என்ன ஆகும்? வரைபடம் இருந்தால் இன்னொருவர் வந்து முடித்துக் கொடுப்பார். வரைபடமும் எரிந்துபோனால்? அதோடு, அந்தக் கட்டடத்தின் தூண், ஜன்னல், கூரை எதுவுமே நேராக இல்லாமல் எல்லாம் வளைந்தும் முறுக்கியும் இருந்தால்?

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் உள்ள சக்ராடா ஃபமீலியா தேவாலயத்துக்கு இந்த மூன்றும் நேர்ந்தது. படங்களில் பார்த்திருப்பீர்கள்; கறையான் புற்றைப் போல உயர்ந்து நிற்கும் கோபுரங்கள். அதன் உட்புறத்தை, அதை வடிவமைத்தவர் கண்ணால் பார்க்கவே இல்லை. அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து, கணினியின் துணையோடு அதை மீட்டெடுத்தார்கள். எப்படி என்பதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். கணக்குப் பிடிக்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

1882-இல் வேறொரு கட்டடக் கலைஞர் தொடங்கிய வேலை இது. மறு வருடமே அந்தோனி கௌடி கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 31. அடுத்த 43 ஆண்டுகள் அவர் அதை விடவில்லை. கடைசிக் காலத்தில் வேறு வேலை எதையும் ஏற்கவும் இல்லை. முழுக்க முழுக்கக் காணிக்கைப் பணத்தில் நடந்த கட்டுமானம். பணம் வந்தால் வேலை நடக்கும், இல்லாவிட்டால் நிற்கும். தன் காலத்தில் இது முடியாது என்று கௌடிக்கு நன்றாகவே தெரியும்.

1926 ஜூன் 7 அன்று ஒரு டிராம் வண்டி அவர் மீது மோதியது. கசங்கிய உடையில் இருந்ததால் யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்துவிட்டார்கள். மூன்று நாளில் காலமானார். அப்போது கிழக்குப் பக்க முகப்பில் ஒரு கோபுரம் மட்டுமே முழுதாக எழும்பியிருந்தது. கூடம் இல்லை, கூரை இல்லை.

ஆனால் அவர் ஒரு முன்னேற்பாடு செய்திருந்தார். தாளில் வரைவதைவிட, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பெரிய மாதிரிகள் செய்வதையே அவர் அதிகம் நம்பினார். நடுக்கூடத்தின் மாதிரியை உண்மை அளவில் பத்தில் ஒரு பங்காகச் செய்து வைத்தார். பின்னால் வருகிறவர்கள் அதை அளந்து கட்டிக்கொள்ளலாம் அல்லவா?

அந்த ஏற்பாட்டுக்கும் ஆபத்து வந்தது. 1936 ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது ஒரு கும்பல் பட்டறைக்குள் புகுந்தது. வரைபடங்கள் எரிந்தன, மாதிரிகள் நொறுக்கப்பட்டன. பிற்பாடு சீடர்கள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சேகரித்தார்கள். கையில் மிஞ்சியது உடைந்த பிளாஸ்டரும் பழைய புகைப்படங்களும்தான்.

இங்கே கௌடியின் வளைவுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவை மனம் போன போக்கில் போட்ட வளைவுகள் அல்ல. நம் வீடுகளில் முன்பு இருந்த பிரம்பு மோடாவை நினைத்துப் பாருங்கள். மேலும் கீழும் அகலம், நடுவில் இடுப்பு போல ஒடுக்கம். ஆனால் அதில் உள்ள குச்சிகள் ஒவ்வொன்றும் நேரானவை; சாய்த்துச் சாய்த்து வைத்ததால் வளைவு வந்துவிடுகிறது. வீட்டில் எம்பிராய்டரி வளையம் இரண்டு இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டையும் மேலும் கீழுமாகப் பிடித்து, சுற்றிலும் நூல் கட்டுங்கள். மிருதங்கம் போல உருளையாக நிற்கும். மேல் வளையத்தை மட்டும் கொஞ்சம் திருப்புங்கள். நூல்கள் நேராகவே இருக்கும், நடு இடுப்பு ஒடுங்கிவிடும். இந்த வடிவத்துக்கு ஹைப்பர்போலாய்ட் என்று பெயர். அனல்மின் நிலையங்களில் நிற்கும் பெரிய குளிர்விப்புக் கோபுரங்களும் இதே வகைதான்.

கௌடியின் கூடத்தில் ஜன்னல்களும் கூரையும் இத்தகைய வடிவங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் உண்டானவை. குதிரைச் சேணம் போல வளைந்த பரப்பும், சுழல் படிக்கட்டு போல ஏறும் பரப்பும் அவர் கையாண்ட மற்ற இரண்டு வகைகள். எல்லாமே நேர்க்கோடுகளால் ஆனவை. இதில் கொத்தனாருக்கு ஒரு வசதி உண்டு: எவ்வளவு சிக்கலான வளைவானாலும் நூல் பிடித்து வேலை செய்துவிடலாம்.

இனி மீட்டெடுத்த கதை. 1979-இல் கேம்பிரிட்ஜில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த மார்க் பரி என்ற நியூசிலாந்து இளைஞர் பார்சிலோனாவுக்கு வந்தார். அப்போது பொறுப்பில் இருந்தவர்கள் கௌடியை நேரில் அறிந்த முதியவர்கள். அவர்கள் இந்தத் துண்டுகளின் வடிவக் கணக்கைக் கண்டுபிடிக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். பத்தாண்டுக்கு மேல் பென்சிலும் காகிதமும்தான் கருவி. இரண்டு வளைபரப்புகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். சரியாக வரவில்லையென்றால் முதலிலிருந்து மறுபடியும் வரைய வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் கணினி வந்தது. அப்போது கட்டடக் கலைஞர்கள் பயன்படுத்திய மென்பொருளுக்கு இந்தச் சிக்கல் பிடிபடவில்லை. ஆகவே விமானம் வடிவமைக்கிறவர்கள் பயன்படுத்திய மென்பொருளை நாடினார்கள். அதில் இருந்த வசதிதான் பாராமெட்ரிக் மாடலிங்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நானும் வணிகவியல் படித்து வங்கியில் கணக்கு எழுதியவன்தான். எனக்குப் புரிந்த வழியில் சொல்கிறேன். வீட்டுக் கடன் வாங்கியவர்களிடம் மாதத் தவணை அட்டவணை இருக்கும். இருபது வருடக் கடன் என்றால் 240 வரிகள். ஆனால் அவ்வளவும் மூன்றே எண்களிலிருந்து பிறந்தவை: கடன் தொகை, வட்டி விகிதம், காலம். கணினியில் வட்டியை மாற்றினால் 240 வரிகளும் தாமாக மாறிவிடும். இதையே கடன் தொகைக்குப் பதில் கட்டட வடிவத்துக்குச் செய்வதுதான் பாராமெட்ரிக் மாடலிங். ஒவ்வொரு ஹைப்பர்போலாய்டுக்கும் ஒன்பது எண்கள். அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு மூன்று, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு மூன்று, எவ்வளவு அகலம், எவ்வளவு சரிவு என்பதற்கு மூன்று. ஒரு எண்ணை மாற்றினால் அதைத் தொடும் வளைவுகள், வெட்டும் கோடுகள் எல்லாம் தாமாகவே மாறும்.

இப்போது அந்த அட்டவணை கிழிந்துபோய் நாலைந்து வரிகள் மட்டும் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தின் பாக்கியும் அடுத்த மாதத்தின் வட்டியும் தெரிந்தால் வட்டி விகிதத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பிறகு 240 வரிகளையும் திரும்ப எழுதலாம். பரியும் அவருடைய குழுவினரும் செய்தது இதைப் போன்றதே. உடைந்த துண்டில் மூன்று வளைபரப்புகள் சந்திக்கும் முனைகளை அளந்தார்கள். ஒன்பது எண்களுக்கும் ஒரு மதிப்பைக் கொடுத்து, கணினியில் வரும் முனை துண்டில் உள்ள முனையோடு பொருந்துகிறதா என்று பார்த்தார்கள். பொருந்தாவிட்டால் எண்ணைக் கொஞ்சம் மாற்றி மறுபடியும் பார்த்தார்கள். கையால் வரைந்தபோது வாரக்கணக்கில் ஆன திருத்தம் வெகு சீக்கிரத்தில் முடிந்தது.

கௌடியின் ஒழுங்கும் கைகொடுத்தது. அவருடைய அளவுகள் 7.5 மீட்டரின் மடங்குகளில் ஓடுகின்றன: தூணுக்குத் தூண் 7.5 மீட்டர், பக்கக் கூடத்தின் உயரம் 30, நடுக்கூடம் 45, குறுக்குக் கூடம் சந்திக்கும் இடம் 60.

2000-ஆம் ஆண்டில் நடுக்கூடத்தின் கூரை முடிந்தது. 2010 நவம்பர் 7 அன்று பதினாறாம் பெனடிக்ட் போப்பாண்டவர் வந்து தேவாலயத்தை அர்ச்சித்தார். கிளை விரித்த மரங்களைப் போன்ற தூண்களும், மேலே வெளிச்சம் வடியும் கூரையும் அன்று உலகத்துக்குத் தெரிந்தன.

இது கௌடியின் கட்டடம்தானா என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சண்டை பழையது. 1965-லேயே லெ கார்பூசியே உள்ளிட்ட பெரிய கலைஞர்கள் கட்டுமானத்தை நிறுத்தச் சொல்லிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தது, கௌடி காலத்தில் எழுந்த கிழக்கு முகப்பையும் நிலவறைக் கோயிலையும் மட்டுமே. என் கருத்தைக் கேட்டால், ரசீது இருக்கும் செலவும் ரசீது இல்லாத செலவும் ஒன்றல்ல. நடுக்கூடத்துக்குத் துண்டுகள் இருந்தன, விதி கிடைத்தது, சரிபார்க்கவும் முடிந்தது. அதை கௌடி கணக்கில் எழுதலாம். ஆதாரம் குறைந்த பகுதிகளில் மற்றவர்களின் ஊகம் கூடுகிறது. அதை அவர்கள் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டு விவகாரமும் அல்ல. தெற்கே வர வேண்டிய பிரதான முகப்புக்கு, மல்லோர்க்கா தெருவைக் கடந்து இறங்கும் பெரிய படிக்கட்டு ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறார்கள். அது வந்தால் எதிரே உள்ள அடுக்குமாடி வீடுகளை இடிக்க வேண்டும். படிக்கட்டு கௌடியின் திட்டத்திலேயே இருந்தது என்கிறது கட்டுமானத் தரப்பு. அதற்குச் சான்று எங்கே என்று கேட்கிறார்கள் அங்கே குடியிருப்பவர்கள். சங்கம் அமைத்துப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். நம்மைப் போலச் சேமித்து ஃபிளாட் வாங்கியவர்கள்தானே! வளைவின் எண்களைக் கண்டுபிடித்த கணினியால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அதற்குக் காகிதம் வேண்டும்.

காகிதம் என்றதும் இன்னொன்று. அந்தத் தேவாலயத்துக்கு முறையான கட்டட அனுமதி கிடைத்தது 2019-இல்தான்; வேலை தொடங்கி 137 ஆண்டுகள் கழித்து! அனுமதிக் கட்டணம் 46 லட்சம் யூரோ.

நமக்கு அவ்வளவு பெரிய கவலை இல்லை. ஆனால் குளியலறைச் சுவருக்குள் குழாய் எந்தப் பக்கம் போகிறது, எந்தத் தூணை ஒட்டித் துளை போடக் கூடாது என்பதெல்லாம் நம் கட்டட வரைபடத்தில்தான் இருக்கிறது. வீடு வாங்கியபோது கொடுத்த வரைபட நகல் உங்கள் அலமாரியில் இருந்தால், தயவுசெய்து ஒரு பிரதியைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். உடைந்த துண்டுகளை வைத்து நமக்காகப் பல ஆண்டுகள் உட்கார்ந்து கணக்குப் போட எந்த மார்க் பரியும் வரப்போவதில்லை.