சாயாத தராசு

ஸ்பானிய உள்நாட்டுப் போர் என்றதும் இலக்கிய வாசகர்களாகிய நம் நினைவில் எழுபவை சில நூல்களும் ஓர் ஓவியமும்தான். ஆர்வெல்லின் கட்டலோனிய அனுபவங்கள், ஹெமிங்வேயின் நாவல், 1936 ஆகஸ்டில் கிரனாடாவுக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டு இன்றுவரை உடல் கண்டெடுக்கப்படாத கவிஞர் லோர்கா, பிக்காஸோவின் ‘குவெர்னிக்கா’. இவற்றின் வழியே அப்போர் நமக்கு ஏறத்தாழ ஓர் இலக்கிய நிகழ்வாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்த ஆண்டுகளில் ஐரோப்பிய, அமெரிக்க வாசகர்கள் அப்போரை அறிந்தது நாவல்கள் வழியாக அன்று, நாள்தோறும் வந்த செய்தித்தாள்கள் வழியாக. அச்செய்தித்தாள்கள் எதைச் சொல்லின, எதை மறைத்தன, அந்த மறைப்பினால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். ‘நடுநிலை’ என்ற சொல்லை நாம் எவ்வளவு எளிதாகப் புழங்குகிறோம் என்பதை அவ்வரலாறு நமக்கு உணர்த்தக்கூடும்.

1936 பிப்ரவரித் தேர்தலில் இடதுசாரிகளும் குடியரசுவாதிகளும் இணைந்த மக்கள் முன்னணி வென்று ஆட்சியமைத்தது. அவ்வாண்டு ஜூலை 17 அன்று ஸ்பானிய மொராக்கோவில் இராணுவத் தளபதிகள் கலகத்தைத் தொடங்கினர். சில நாட்களில் நாட்டைக் கைப்பற்றிவிடலாம் என்ற அவர்களது கணக்கு பொய்த்தது. மாட்ரிட், பார்சிலோனா, வலென்சியா ஆகிய பெருநகரங்களில் கலகம் முறியடிக்கப்பட்டது. தளபதி பிராங்கோவின் தலைமையில் இருந்த ஆப்பிரிக்கப் படையே கலகக்காரர்களின் வலிமைமிக்க படை. கப்பற்படை மாலுமிகள் தம் அதிகாரிகளுக்கு எதிராகத் திரும்பிக் கப்பல்களைக் குடியரசின் வசமாக்கிவிட்டதால், அப்படை நீரிணையைக் கடக்க வழியின்றி மொராக்கோவில் முடங்கிக் கிடந்தது.

அந்த முடக்கத்தை உடைத்தவை அயல்நாட்டு விமானங்கள். ஜூலை 25 அன்று இரவு, பைராய்ட் நகரில் வாக்னரின் இசைநாடகம் பார்த்துத் திரும்பிய ஹிட்லரைப் பிராங்கோவின் தூதர்கள் சந்தித்தனர். உதவி அன்றிரவே முடிவாயிற்று. ஜெர்மனியின் யுங்கர்ஸ் விமானங்களும் முசோலினி அனுப்பிய விமானங்களும் ஆயிரக்கணக்கான வீரர்களை ஸ்பெயினின் தென்பகுதிக்குக் கொண்டு சேர்த்தன. சில வாரங்களில் அடங்கியிருக்கக்கூடிய ஒரு கலகம் ஏறத்தாழ மூன்றாண்டுப் போராக நீண்டதில் அந்த விமானங்களின் பங்கு பெரிது.

அடுத்த மாதம், ஆகஸ்டில், தலையிடாமை ஒப்பந்தம் ஒன்று உருவானது. இருபத்தேழு நாடுகள் அதை ஏற்றன. செப்டம்பர் 9 முதல் அதற்கான குழு லண்டனில் கூடியது. விந்தை என்னவென்றால், ஜெர்மனியும் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் அதே குழுவில் அமர்ந்திருந்தன. ஜெர்மனி காண்டர் படைப்பிரிவை அனுப்பியது. இத்தாலி போர்க்காலம் முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பியது. சோவியத் ஒன்றியம் குடியரசுக்கு டாங்கிகளையும் விமானங்களையும் ஆலோசகர்களையும் கொடுத்தது. ஸ்பானிய வங்கியிலிருந்து 510 டன் தங்கம் மாஸ்கோவுக்குச் சென்றது. சொன்ன சொல்லைப் பெருமளவு காப்பாற்றியவை பிரிட்டனும், அவ்வப்போது எல்லையைத் திறந்து மூடிய பிரான்சும் மட்டுமே. அதன் பொருள், சட்டபூர்வமான ஓர் அரசுக்கு ஆயுதம் விற்க அவை மறுத்தன என்பதே. அமெரிக்கா 1937 ஜனவரியில் ஆயுத ஏற்றுமதியைத் தடை செய்தது. எண்ணெய் அத்தடையில் சேரவில்லை. டெக்ஸகோ நிறுவனம் பிராங்கோவுக்குக் கடனில் எண்ணெய் வழங்கிக்கொண்டே இருந்தது. இத்தனைக்கும் பொதுப்பெயர் நடுநிலை என்பதாக இருந்தது.

பத்திரிகைகளுக்கு வருவோம். 1937 மார்ச்சில் குவாதலஹாராவில் முசோலினியின் படை பெருந்தோல்வி அடைந்தது. நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் ஹெர்பர்ட் மேத்யூஸ் போர்க்களத்துக்கே சென்று, இத்தாலியப் பிணங்களையும் இத்தாலியக் கைதிகளையும் கண்டு எழுதி அனுப்பினார். அவர் ‘இத்தாலியர்’ என்று எழுதிய இடங்களிலெல்லாம் நியூயார்க் அலுவலகத்தில் ‘கலகப் படையினர்’ என்று திருத்தப்பட்டதாகப் பின்னாளில் அவர் பதிவு செய்திருக்கிறார். ஒரு செய்தியாளர் தம் சார்பில் எழுதுகிறார் என்ற ஐயத்தால் செய்யப்பட்ட திருத்தம் அது. ஆசிரியர் குழு அதை நடுநிலை என்றே கருதியிருக்கும். ஆனால் அந்த ஒரு சொல் மாறியதும் அயல்நாட்டுப் படையெடுப்பு உள்நாட்டுச் சண்டையாகிவிட்டது. அதே பத்திரிகைக்காகப் பிராங்கோவின் பகுதியிலிருந்து எழுதிய வில்லியம் கார்னி, தெருவெல் நகரைப் பிராங்கோவின் படை மீட்டுவிட்டதாக 1937ஆம் ஆண்டின் முடிவில் செய்தி அனுப்பினார். மேத்யூஸ் பனியில் பயணம் செய்து தெருவெல்லுக்குள் நுழைந்து, நகரம் இன்னும் குடியரசின் கையில்தான் இருக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது. இரு செய்திகளையும் வெளியிட்டது ஒரே பத்திரிகை.

சொற்களின் மாற்றத்துக்குப் பின்னால் உடல்கள் இருந்தன. 1936 ஆகஸ்ட் 14 அன்று தளபதி யாகுவேயின் படை போர்த்துகல் எல்லையை ஒட்டிய படஹோஸ் நகரைக் கைப்பற்றியது. காளைச்சண்டை அரங்கிலும் தெருக்களிலும் நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுநாள் நகருக்குள் நுழைந்தவர்களுள் ஒருவர் மாரியோ நெவெஸ் என்ற இளம் போர்த்துகீசியச் செய்தியாளர். அவர் அனுப்பிய கடைசிச் செய்தியைப் பிராங்கோவை ஆதரித்த போர்த்துகல் அரசின் தணிக்கைத்துறை நிறுத்திவிட்டது. அந்நகருக்கு இனித் திரும்புவதில்லை என்று எண்ணியிருந்த அவர், 46 ஆண்டுகள் கழித்து, 1982இல், ஓர் ஆவணப்படத்துக்காகவே மறுபடி அங்கே கால் வைத்தார். சில நாட்களுக்குப் பின் படஹோஸ் சென்ற ஜே ஆலன் எழுதிய கட்டுரை ஆகஸ்ட் 30 அன்று சிகாகோ டிரிப்யூனில் வெளிவந்தது. உடனே பிராங்கோவின் ஆதரவாளர்கள் அப்படியொரு படுகொலையே நடக்கவில்லை என்று எழுதத் தொடங்கினர். யாகுவேயோ அதை மறைக்கவே இல்லை. அத்தனை கைதிகளை உடன் அழைத்துச் செல்ல முடியாதல்லவா என்ற பொருளில் அவர் மற்றோர் அமெரிக்கச் செய்தியாளரிடம் பேசினார். கொன்றவர் ஒப்புக்கொண்ட கொலையைத் தொலைவிலிருந்த எழுத்தாளர்கள் மறுத்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வன்முறை கட்டுக்கடங்காத சிப்பாய்களின் வெறியாட்டம் மட்டும் அல்ல. கலகத்தைத் திட்டமிட்ட தளபதி மோலா, நடவடிக்கை மிகக் கடுமையான வன்முறையோடு அமைய வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் அறிவுறுத்தியிருந்தார். செவில் நகர வானொலியில் தளபதி கெய்ப்போ தெ யானோ இரவுதோறும் பேசினார். எதிர்த்தரப்பினரைக் கொல்வதையும் அவர்தம் பெண்களை மானபங்கம் செய்வதையும் வெளிப்படையாகப் புகழ்ந்த பேச்சுகள் அவை. அன்று புதிதாகப் பரவிக்கொண்டிருந்த ஓர் ஊடகம் வன்முறையின் கருவியாகவே இயங்கியது.

குடியரசுத் தரப்பின் குற்றங்களை நாம் குறைத்துக் காட்டவில்லை. அரசு நிலைகுலைந்த முதல் மாதங்களில் ஏறத்தாழ 6,800 பாதிரியார்களும் துறவியரும் கொல்லப்பட்டனர். 1936 நவம்பர், டிசம்பர் மாதங்களில் மாட்ரிட் சிறைகளிலிருந்து கொண்டு செல்லப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் பராகுவெயோஸ் முதலான இடங்களில் சுட்டுப் புதைக்கப்பட்டனர். அக்கொலைகளை நிறுத்தியவர் மெல்சோர் ரோத்ரிகெஸ் என்ற அராஜகவாதி. சிறைப் பொறுப்பை ஏற்ற அவர், டிசம்பரில் அல்கலா சிறையைச் சூழ்ந்த ஆயுதமேந்திய கூட்டத்தின் முன் தனியாக நின்று, உள்ளேயிருந்த தம் எதிரிகளின் உயிரைக் காத்தார். இவரைப் போன்றவர்கள் இருதரப்புப் பிரசாரத்துக்கும் பயன்படாதவர்கள் என்பதால் நெடுங்காலம் மறக்கப்பட்டே இருந்தனர்.

1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, சந்தை நாள். பாஸ்க் மக்களின் தொன்மையான சபை கூடும் ஓக் மரம் நிற்கும் குவெர்னிக்கா ஊரின்மேல் காண்டர் படைப்பிரிவின் விமானங்களும் இத்தாலிய விமானங்களும் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகக் குண்டு வீசின. பில்பாவோவிலிருந்து அன்றிரவே அங்கே விரைந்த லண்டன் டைம்ஸ் செய்தியாளர் ஜார்ஜ் ஸ்டீர், எரிந்துகொண்டிருந்த ஊரைக் கண்டார், தப்பியவர்களிடம் பேசினார், ஜெர்மன் முத்திரை பொறித்த எரிகுண்டுக் குழல்களைப் பார்த்தார். ஊருக்கு வெளியே இருந்த ஆயுதத் தொழிற்சாலை தீண்டப்படாமல் நின்றதையும் குறித்துக்கொண்டார். ஏப்ரல் 28 அன்று அவரது செய்தி லண்டனிலும் நியூயார்க்கிலும் வெளியாயிற்று. ஜெர்மனியின் மனம் கோணும்படி எதுவும் வெளிவராமல் தாம் இரவுதோறும் பார்த்துக்கொள்வதாகத் தனிக்கடிதம் ஒன்றில் எழுதியவர்தான் அன்றைய டைம்ஸ் ஆசிரியர் ஜெஃப்ரி டாசன். அவரும்கூட ஸ்டீரின் செய்தியை அச்சேற்றினார் என்பது குறிக்கத்தக்கது.

சலமான்காவிலிருந்த பிராங்கோவின் தலைமையகம் குண்டுவீச்சையே மறுத்தது. பின்வாங்கிய ‘சிவப்பர்கள்’ பெட்ரோல் ஊற்றியும் வெடிமருந்து வைத்தும் தாங்களே ஊரை எரித்தார்கள் என்றது. இனி பத்திரிகைகளுக்கு வேலை எளிதாயிற்று. குண்டு வீசப்பட்டதாக ஒரு தரப்பு சொல்கிறது, எரிக்கப்பட்டதாக மறுதரப்பு சொல்கிறது. இரண்டையும் அருகருகே அச்சிட்டால் போதும். ஆனால் ஒருவர் சாம்பலின் நடுவே நின்று எழுதினார், மற்றவர் அலுவலகத்தில் அமர்ந்து அறிக்கை தயாரித்தார். இவ்விரண்டையும் சம எடையாக வைப்பது பொய்க்குச் செய்த உபகாரமே ஆகும். அந்தப் பொய் ஸ்பெயினில் பல ஆண்டுகள் அரசின் வாக்காகவே நீடித்தது. ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் ரோமன் ஹெர்ஸோக் தம் நாட்டு விமானிகளின் பொறுப்பை ஒப்புக்கொண்டு, தப்பிப் பிழைத்தோருக்குச் செய்தி அனுப்ப அறுபது ஆண்டுகள், அதாவது 1997 வரை, ஆயின.

பாதிக்கப்பட்ட தரப்பும் உண்மைக்கு எப்போதும் உண்மையாக இருந்ததில்லை. குவெர்னிக்காவில் 1,654 பேர் இறந்ததாகப் பாஸ்க் அரசு அறிவித்தது. பின்னாளைய ஆய்வாளர்கள் பலர் 150 முதல் 300 வரை என்று கணிக்கின்றனர். அதைவிட மிகுதி என வாதிடுவோரும் உண்டு. மிகைப்பட்ட எண் மறுப்பாளர்களுக்கு ஒரு பிடியைத் தந்தது. பிரிட்டிஷ் இடதுசாரிப் பத்திரிகையாளர் கிளாட் காக்பர்னும் ஓட்டோ காட்ஸும் ஒருபடி மேலே சென்றனர். மொராக்கோவின் தெதுவான் நகரில் பிராங்கோவுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்ததாக, பாரிஸில் அமர்ந்து வழிகாட்டி நூல்களிலிருந்து தெருப்பெயர்களை எடுத்து, முழுக் கற்பனையாக ஒரு செய்தியைச் சமைத்தனர். பிரெஞ்சுப் பிரதமர் ப்ளுமை ஆயுதங்களுக்கு எல்லையைத் திறக்கச் செய்வதே நோக்கம். காக்பர்ன் இதைப் பின்னாளில் வருத்தமின்றியே எழுதினார்.

அப்பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஆர்வெல் நேரில் கண்டார். 1937 மே மாதம் பார்சிலோனாவில் குடியரசுத் தரப்பினரே தமக்குள் மோதிக்கொண்டபோது, அவர் சேர்ந்திருந்த போஉம் என்ற மார்க்சியக் கட்சியைக் கம்யூனிஸ்ட் பத்திரிகைகள் பிராங்கோவின் ஐந்தாம் படை என்றன. ஜூனில் அக்கட்சித் தலைவர் ஆந்திரே நின் கைதாகி, பின் சோவியத் உளவுத்துறையினரால் கொல்லப்பட்டார். ஆர்வெல் எழுதிய நேரடிச் சாட்சியத்தை லண்டனின் நியூ ஸ்டேட்ஸ்மன் இதழ் வெளியிட மறுத்தது. அது குடியரசின் நலனுக்கு ஊறு என்பது காரணம். 1938இல் அவரது நூல் 1,500 பிரதிகள் அச்சாயிற்று. 1950இல் அவர் இறந்தபோதும் அப்பதிப்பு விற்றுத் தீரவில்லை.

இங்கே ஓர் அபாயம் உண்டு. இருதரப்பும் கொன்றன, இருதரப்பும் பொய் சொல்லின, ஆகவே உண்மை யாருக்குத் தெரியும் என்று நாம் கையைக் கழுவிவிடலாம். வரலாறு அப்படி நம்மை விடுவிப்பதில்லை. பால் பிரஸ்டன் போன்ற வரலாற்றாசிரியர்கள் ஊர் ஊராகத் திரட்டப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் கணக்கில், போர்க்களத்துக்கு வெளியே குடியரசுப் பகுதியில் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 50,000. பிராங்கோவின் பகுதியில் 1,30,000 முதல் 1,50,000 வரை. 1939 ஏப்ரல் 1 அன்று போர் முடிந்த பின்னரும் ஏறத்தாழ 20,000 பேர் தண்டனையாகக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மீது சாட்டப்பட்ட குற்றம் இராணுவக் கலகம், அல்லது கலகத்துக்குத் துணைநின்றது. கலகம் செய்தவர்கள், கலகத்தில் சேராதவர்களைக் கலகக்காரர் என்று தீர்ப்பளித்துக் கொன்றார்கள். பிராங்கோவின் மைத்துனரும் அமைச்சருமான செர்ரானோ சூன்யேரே அதைத் தலைகீழ் நீதி என்று பின்னாளில் குறிப்பிட்டார். மேத்யூஸின் செய்தியில் ஒரு சொல்லை மாற்றியதிலிருந்து இந்தத் தீர்ப்பு வரையிலான தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

திருக்குறளின் ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தில் வள்ளுவர் சான்றோருக்குத் துலாக்கோலை உவமை சொல்கிறார். முதலில் சமனாக நிற்பதும் பிறகு எடையைச் சரியாகக் காட்டுவதும் அக்கோலின் இரு குணங்கள். முதல் குணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவதை நாம் விட்டுவிடுகிறோம். பாரமின்றித் தானாகச் சாயும் கோல் பொய்க்கோல்தான். எந்தப் பாரத்தை வைத்தாலும் அசையாத கோலும் பழுதுபட்டதே. தலையிடாமைக் குழுவின் கோல் அத்தகையது. சொல்லைத் திருத்திய ஆசிரியர் மேசையின் கோலும் அத்தகையது. ஸ்டீரும் நெவெஸும் ஆலனும் ஆர்வெல்லும் சார்பற்றவர்கள் அல்லர். அவர்களுக்கு அனுதாபங்கள் இருந்தன. ஆயினும் கண்டதைக் கண்டபடி எழுதினார்கள். ஆர்வெல் தம் சொந்தத் தரப்புக்கு எதிராகவும் எழுதினார். அதுவே அவர்களது நடுவுநிலைமை.

படஹோஸின் பழைய காளைச்சண்டை அரங்கம் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் மாநாட்டு அரங்கம் ஒன்று எழுந்துவிட்டது. ஸ்பெயின் 2007இலும் 2022இலும் நினைவுச் சட்டங்களை இயற்றி, சாலையோரப் புதைகுழிகளைத் தோண்டித் தன் பிள்ளைகளின் எலும்புகளுக்குப் பெயரிட முயன்று வருகிறது. போர் பற்றிய செய்தி ஒன்றை அடுத்த முறை நாம் வாசிக்கும்போது, அதில் யார் கலகக்காரர் என்று எழுதப்பட்டிருக்கிறது, அச்சொல்லை முதலில் எழுதியவர் அங்கே நின்று எழுதினாரா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.