அடுத்து எந்தப் புத்தகம்? யார் சொல்வது?

எங்கள் வாசக வட்டத்தில் (மஸ்கட்டில் பதினோரு பேர், பாதிப் பேர் படிக்காமலே வருவார்கள், அது வேறு கதை) அடுத்த மாதப் புத்தகத்துக்கு ஓட்டெடுப்பு நடந்தது. நான் ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' சொன்னேன். 1969-ல் புத்தகமாக வந்த மலையாள நாவல். பாலக்காடு பக்கத்து தஸ்ராக் கிராமம்தான் அந்தக் கசாக். யூமா வாசுகியின் தமிழாக்கம் 2017-க்கான சாகித்ய அகாதமி மொழிபெயர்ப்புப் பரிசு வாங்கியது. விழுந்தது மூன்று ஓட்டு, அதில் ஒன்று என்னுடையது :-)

தோற்றது போகட்டும். "ஓட்டெல்லாம் எதுக்கு? விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னா படிச்சுட்டுப் போறோம்" என்றார் ஒரு நண்பர். எங்கள் ஊர்ப்பக்கம் இது ரொம்பப் பழைய வழக்கு.

அப்பா ஊர் வாளையார் பக்கம், அம்மா ஊர் மூணாறு. 1956 நவம்பரில் இரண்டும் கேரளம் ஆகும்வரை முன்னது சென்னை ராஜ்யத்து மலபார் ஜில்லா, பின்னது திருவிதாங்கூர்ச் சீமை. நூலகம் வந்த வழியும் வேறு வேறு.

சென்னையில் 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி, ஜில்லாவுக்கு ஒரு நூலக ஆணைக்குழு. பணம் தவறாமல் வரும் ஏற்பாடு, என்னைப் போன்ற பேங்க்காரனுக்கு உடனே பிடித்துவிடும். ஆனால் புத்தகம் மேலேயிருந்து வரும். நூலக ஆர்டருக்காகக் காத்துக் கிடந்த தமிழ்ப் பதிப்பாளர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

திருவிதாங்கூரில் தலைகீழ். 1945-ல் அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் 47 நூலகங்களைக் கூட்டிச் சங்கம் ஆரம்பித்தார். ஊர்க்காரர்களே நடத்தும் வாசகசாலை, அவர்களுக்குள் ஒரு கமிட்டி, சர்க்கார் தருவது கிராண்ட் மட்டும். எந்தப் புத்தகம் என்பது கமிட்டி பாடு. பிறகு 1989-ல் மாநிலம் முழுமைக்குமாக ஒரு சட்டம் வந்து, தேர்தல் வைத்து அமைக்கும் நூலக கவுன்சில்கள் ஏற்பட்டன. பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஐ கேரளத்தில் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

கமிட்டி என்றால் நியாயம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பையனாக இருந்தபோது போய்வந்த வாசகசாலையில், கமிட்டியில் ஒரு தமிழராவது இருந்த வருஷம் தமிழ்ப் புத்தகம் வரும். இல்லாத வருஷம், போன வருஷத்துப் புத்தகத்தையே திரும்பப் படிக்க வேண்டியதுதான். ஓட்டு என்றால் அப்படித்தானே? எண்ணிக்கையில் குறைந்தவனுக்கு 'அடுத்த' புத்தகமே கிடையாது.

இரண்டிலும் சேராத ஒன்று மூணாறுக்கு அப்பால் காட்டுக்குள் இருந்தது. இடமலக்குடி. முதுவர்கள் வாழும் இடம், 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து ஆனது. அங்கே இருப்புக்கல்லுக்குடியில் சின்னத்தம்பி என்பவர் தன் டீக்கடையிலேயே 160 புத்தகங்களோடு 'அக்ஷரா' என்ற நூலகம் நடத்தினார். 2014-ல் பி. சாய்நாத் நடந்தே போய்ப் பார்த்து எழுதிய பிறகுதான் வெளியே பலருக்குத் தெரிந்தது. சேர 25 ரூபாய், மாதம் 2 ரூபாய். கட்டஞ்சாயா இலவசம்.

ஓட்டு கிடையாது. ஆணைக்குழுவும் கிடையாது. 'மலைவாசிகளுக்கு இது போதும்' என்று யாரும் எளிய புத்தகமாகப் பொறுக்கி வைக்கவுமில்லை. பஷீர், எம்.டி., முகுந்தன், லலிதாம்பிகா அந்தர்ஜனம், காந்தி. முதுவர் பேச்சு தமிழுக்கு நெருக்கம், அதற்கென்று எழுத்து இல்லை, படித்ததெல்லாம் மலையாளத்தில்தான். 2013-ஆம் வருஷத்துப் பேரேட்டில் 37 புத்தகம் வெளியே போன கணக்கு இருந்தது. அந்தக் குடியில் இருந்தது 25-க்கும் குறைவான குடும்பங்கள். எங்கள் வட்டத்தின் கணக்கை இதன் பக்கத்தில் வைக்க நான் தயாரில்லை.

தாங்கள் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று முதுவர்கள் சொல்வதுண்டு. அந்த 160-ல் சிலப்பதிகாரமும் இருந்தது, மலையாள மொழிபெயர்ப்பில். பேரேட்டின்படி, ஒரு தடவைக்கு மேல் அதை எடுத்துப் போயிருக்கிறார்கள்.