குருதிக்கு எத்தனை சொற்கள்?

ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து புறப்படும் கப்பல்வழியில் ஸ்ட்ரெய்ட் தீவு உள்ளது. பெரும் அந்தமானியரில் எஞ்சியோர் அங்குதான் குடியமர்த்தப்பட்டனர். 1858இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டபோது அவர்களிடையே பத்து மொழிகள் வழங்கின. பின்வந்த கொள்ளைநோய்கள் ஊர்களோடு மொழிகளையும் அழித்தன.

மொழியியலாளர் அன்விதா அப்பி 2005இல் விரிவான களப்பணியைத் தொடங்கியபோது பேசுவோர் பத்துப் பேருக்கு மேல் இல்லை. அவர்கள் பேசியதும் ஜெரு மொழியின் இலக்கணத்தில் பிற மொழிச் சொற்கள் கலந்த ஒன்று. ஒப்பியலாளருக்கு இதைவிடச் சிக்கலான தரவு அரிது.

குருதி எவ்வுறுப்பிலிருந்து கசிகிறதோ அதற்கேற்ப அச்சொல்லின் முன்னொட்டு மாறும். மேன், போர்ட்மன் ஆகிய காலனிய அதிகாரிகளும் 19ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய முன்னொட்டுகளைப் பதிந்திருந்தனர். ஆனால் அவை உடலை ஏழு பகுதிகளாகப் பகுத்து, பெயர், வினை, அடை என இலக்கணம் முழுவதும் ஊடுருவி நிற்பதைக் காட்டியவர் அப்பி. (உறுப்புப் பெயர்கள் இலக்கணக் கூறுகளாவது பல மொழிகளில் உண்டு; இந்த அளவுக்கு அன்று.) ஓங்கே, ஜாரவா மொழிகளின் குடும்பத்திலிருந்து இது வேறானது என்னும் அவரது முடிபுக்கு இவ்வமைப்பும் ஒரு சான்று.

'போ' மொழியின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். அப்பியின் அகராதி 2012இல் வெளிவந்தது.